ஃப்ளோரா புரிமின் மூச்சுச் சத்தம்

விக்கு விநாயக்ராம் பேரைப் பார்த்துத்தான் அந்த சிடியை வாங்கினேன். பழைய சிடிக்களைக் குவித்துப் போட்டு விற்கும் ஒரு கடை, விலை நூறு ரூபாய்க்குள். பெயர் ‘பிளானெட் ட்ரம்’. மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க டிரம்ஸ்காரர் உலகத்தின் தாள வாத்தியக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைத்து 1991-இல் வெளியிட்டது. சாகிர் உசேனின் தபலா, நைஜீரியாவின் பாபாடுண்டே ஒலாடுஞ்சி, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவன்னி இடால்கோ, நடுவில் நம் ஊர் கடம். உலக இசைக்கென்று கிராமியில் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருது வாங்கிய தட்டு இது.

கடத்துக்காகக் கேட்க உட்கார்ந்தவனைக் குழப்பியது வேறொன்று. தோலும் மண்ணும் மரமும் முழங்கிக்கொண்டிருக்க, இடையே ஒரு பெண் குரல் வந்துவந்து போனது. பாட்டு என்று சொல்ல முடியாது, வார்த்தை ஒன்றும் இல்லை. ஊதுவது மாதிரி, பறவை கத்துவது மாதிரி. அந்தக் குரலும் தாளத்தில் ஒரு ஆளாகத்தான் உட்கார்ந்திருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஃப்ளோரா புரிம். பிரேசில்காரர். பக்கத்திலேயே அயிர்ட்டோ மொரெய்ரா என்று இன்னொரு பிரேசில் பெயர். கணவன் மனைவி என்பது பிற்பாடுதான் தெரியும்.

ஃப்ளோராவின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனதில் கிடைத்ததுதான் அவருடைய ‘பட்டர்ஃபிளை ட்ரீம்ஸ்’ ஆல்பம். 1973 டிசம்பரில் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஃபாண்டசி ஸ்டூடியோவில் பதிவானது. மைல்ஸ்டோன் கம்பெனி வெளியீடு. மொத்தம் எட்டுப் பாட்டு. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோதெல்லாம் தள்ளிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு: ‘ஜாஸ் ஃப்யூஷன்’ (ஜாஸோடு ராக்கும் மின்சார வாத்தியங்களும் கலந்தது) என்று எழுதின உடனே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா சமையலறையில். குரல் மெதுவாக ஏறி ஏறிப் போய், மேலே ஓர் இடத்தில் கீச்சென்று வெடித்தது. அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“யாருடா அது? யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா. பாட்டு.”

நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். சின்ன வயதில் ஏழெட்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்கு அப்புறம் அது கொலுவோடு நின்றுபோனது.

“எங்க பாட்டு வாத்தியார், மூச்சு வாங்குறது வெளிய கேக்கவே கூடாதுன்னு தொடையில தட்டுவார். இந்தப் பொண்ணு என்ன, மூச்சையே பாடுது?”

இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் விஷயம் அதுதான்.

பிரேசில் பெண் குரல் என்றால் 1973-இல் அமெரிக்கக் காதுக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஜாவ் ஜில்பெர்ட்டோ 1958-இல் ரியோவில் போசா நோவா என்ற பாட்டு வகையைக் கிட்டாரும் முணுமுணுப்புமாகத் தொடங்கிவைத்தார். 1964-இல் அவரும் சாக்ஸஃபோன்காரர் ஸ்டான் கெட்ஸும் சேர்ந்த ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது. அதில் அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ இரண்டே பாட்டு பாடினார், ஒரே நாளில் உலகத்துக்கே தெரிந்தவர் ஆனார். ஏறாத இறங்காத, வியர்க்காத குரல். கடற்கரையில் ஒரு பெண் நடந்து போகிறாள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்காது என்று சொல்லவில்லை, மிகவும் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு வந்த பிரேசில் பாடகிகள் எல்லோரும் அந்தக் கடற்கரையில்தான் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஃப்ளோரா பிறந்ததும் ரியோவில்தான், 1942-இல். அப்பாவும் அம்மாவும் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்காரர்கள், அப்பா வயலின், அம்மா பியானோ. யூதக் குடும்பம். அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மா ஜாஸ் தட்டுகளைப் போடுவாராம். ரேடியோவில் சினிமாப் பாட்டைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்ட சங்கீத வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 1964-இல் முதல் ஆல்பம் வந்தது. அதே வருஷம்தான் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அறுபதுகளின் கடைசியில் ஃப்ளோரா நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே அயிர்ட்டோவும் வந்து சேர்ந்தார்.

கிளம்புவதற்கு முன் பிரேசிலில் அவர்கள் பழகிய கூட்டத்தையும் சொல்ல வேண்டும். எர்மெட்டோ பாஸ்கோல் என்ற மேதை. கெட்டில், பொம்மை, பன்றிக்குட்டி, கையில் கிடைத்த எதுவும் அவருக்கு வாத்தியம். பன்றிக்குட்டி என்றது பேச்சுக்கு அல்ல, பிற்பாடு அமெரிக்காவில் செய்த ஆல்பத்தில் நிஜமாகவே கத்தவைத்தார். அயிர்ட்டோவும் அவரும் ‘குவார்ட்டெட்டோ நோவோ’ என்ற நால்வர் குழுவில் இருந்தவர்கள். அயிர்ட்டோ அதற்கு முன்பே 1966-இல் ஒரு தொலைக்காட்சிப் பாட்டு விழாவில் கழுதையின் தாடை எலும்பைத் தட்டித் தாளம் போட்டவர். எலும்பு வாத்தியம் ஆகலாம் என்றால் தொண்டைக்குள் இருக்கும் மற்ற சத்தங்கள் ஏன் ஆகக் கூடாது? விக்கல், ஏக்கம், இருமல், கொட்டாவி. ஃப்ளோராவின் பாட்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது. ரியோ கடற்கரையில் தேடினால் அகப்படாது.

நியூயார்க்கில் அயிர்ட்டோ ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். 1972 பிப்ரவரியில் சிக் கொரியா என்ற பியானோக்காரரோடு இருவரும் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். குழுவுக்கும் அதே பெயர். ஜோ ஃபாரெல் குழலும் சாக்ஸும், ஸ்டான்லி கிளார்க் பேஸ். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் இரண்டாவது, ‘லைட் அஸ் எ ஃபெதர்’. முதல் ஆல்பம் ஜெர்மன் கம்பெனியுடையது, அமெரிக்காவில் முறையாக வெளியாக 1975 ஆகிவிட்டது. ஆகவே அமெரிக்கர்கள் பலர் ஃப்ளோராவின் குரலை முதலில் கேட்டது இரண்டாவதில்தான்.

அந்த இரண்டு ஆல்பங்களும் அருமை, சந்தேகமில்லை. ஆனாலும் அவை கொரியாவின் ஆல்பங்கள். மெட்டு பெரும்பாலும் அவருடையது. குரல் வரும், தன் பங்கைப் பாடும், ஒதுங்கும், பிறகு பியானோ ஓடும்.

அப்புறம் 1973. இந்த வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜாஸில் மின்சாரம் புகுந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் ஜான் மெக்லாக்லின் மெஷின்கன் மாதிரி கிட்டார் வாசிக்கிறார். ஹெர்பி ஹான்காக் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ போட்டு நாட்டையே ஆடவைக்கிறார். கொரியாவுக்கும் அந்த ஆசை வந்தது, ராக் சத்தத்தோடு மின்சாரக் கிட்டாரைச் சேர்த்துக் குழுவை மாற்றினார். ஃப்ளோராவும் அயிர்ட்டோவும் விலகினார்கள். ஃப்யூஷன் என்றால் அதற்கப்புறம் பல வருஷம் யார் வேகம், யார் சத்தம் என்ற ஆம்பிளைப் போட்டியாகத்தான் நடந்தது. பத்து ஃப்யூஷன் ஆல்பம் எடுத்துப் பாருங்கள், ஒன்பதில் மனிதக் குரலே இருக்காது.

‘பட்டர்ஃபிளை ட்ரீம்ஸ்’ அதே வருஷக் கடைசியில், அதே மின்சார பியானோவையும் சிந்தசைஸரையும் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பியது. நடுவில் குரல். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பாடகி முன்னால் நின்று வாத்தியங்கள் பின்னால் நிற்கும் ஏற்பாடு இதில் இல்லை. பாடகி வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

வட்டத்தில் யார் யார்? டிரம்ஸும் தாளமும் அயிர்ட்டோ. பேஸ் ஸ்டான்லி கிளார்க், அப்போது 22 வயது. விசைப்பலகைகள் ஜார்ஜ் ட்யூக், ஃபிராங்க் ஜாப்பாவின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். கிட்டார் டேவிட் அமாரோ. சாக்ஸ் ஜோ ஹெண்டர்சன், அப்போது 36 வயது. ஸிதர் என்ற தந்தி வாத்தியத்தை (நம் சிதார் அல்ல) வாசித்தது எர்னி ஹூட், ஓரிகன் மாநிலத்துக்காரர். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் போலியோ வந்து, அதற்கப்புறம் மடியில் வைத்து மீட்டும் ஸிதருக்கு மாறியவர். தயாரிப்பு ஆரின் கீப்நியூஸ். தெலோனியஸ் மங்க், பில் எவன்ஸ் போன்ற ஜாஸ் பியானோக்காரர்களின் தட்டுகளைத் தயாரித்த பழைய கை. இந்த மாதிரி ஆசாமியிடம் ஒரு நல்ல குணம் உண்டு, வாசிக்கிறவர்களை வாசிக்கவிடுவார்.

தட்டு ஆரம்பிப்பதே வார்த்தை இல்லாமல். ‘டாக்டர் ஜைவ்’, ஸ்டான்லி கிளார்க் மெட்டு. பேஸ் ஒரு துள்ளலைப் போட, அதன் மேல் ஃப்ளோராவின் குரல் ஒரு ஊது வாத்தியத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது. பாடகி தன் பெயரில் அமெரிக்காவில் போடும் ஆல்பம், முதல் பாட்டில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது! இன்றைக்கு ஒரு கம்பெனி ஒத்துக்கொள்ளுமா தெரியாது. இந்தப் பாட்டை இரண்டாக வெட்டி, இரண்டாம் பகுதியைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை. சூடு ஏறும்போது நின்றுவிடுகிறது.

வார்த்தை இல்லாமல் பாடுவது ஜாஸில் புதிதல்ல. ஸ்காட் என்று பெயர், லூயி ஆம்ஸ்ட்ராங், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் காலத்திலிருந்து உண்டு. அதில் மெய்யெழுத்துகள் முக்கியம். தூ, பா, டீ, ஷூ என்று ட்ரம்பெட்டின் நாக்கடியைப் போலச் செய்வது. நம் ஜதி மாதிரி, எழுத்து வெட்டு வெட்டாக விழும். ஃப்ளோரா செய்வது அது இல்லை. அவருக்கு உயிரெழுத்துதான் மூலதனம். ஆ-வில் தொடங்கி ஊ-வுக்குள் வழுக்கி, மூக்குக்குள் போய், திரும்பி வாய் வழியாக வெறும் காற்றாக வெளியேறுவது. ஆ-வை நீட்டிப் பாடும் நம் சங்கீதத்தின் ஆகாரத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் ஆகாரத்தில் காற்றுக்கு இடமில்லை.

மூக்கு என்றதும் போர்த்துகீசு மொழி ஞாபகம் வருகிறது. அந்த மொழியில் உயிரெழுத்தையே மூக்கால் சொல்லும் வழக்கம் உண்டு. இது நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். ‘வந்தேன்’ என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி ன்-ஐ யாராவது முழுதாகச் சொல்கிறோமா? ஏகாரத்தை மூக்கில் ஏற்றிவிட்டு நிறுத்திவிடுகிறோம். ‘மரம்’ என்பதற்கும் அதே கதி. அந்தக் கடைசி அரை விநாடி இருக்கிறதே, மூக்கில் கரைந்து போகிற சத்தம், அதைப் பிடித்து நீட்டினால் ஃப்ளோராவின் குரலில் பாதி வந்துவிடும். ஆங்கில வரிகளைப் பாடும்போதும் அவர் மூக்கு பிரேசிலில்தான் இருக்கிறது. அமெரிக்க உச்சரிப்புக்கு மாற எந்த முயற்சியும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் எலும்பெல்லாம் மெத்தென்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது, தலைப்புப் பாட்டு. இதுவும் கிளார்க்குடையது. அவருடைய ‘சில்ட்ரன் ஆஃப் ஃபாரெவர்’ ஆல்பத்தில் இதே மெட்டு முன்பே வந்திருக்கிறது, ஆண்டி பே, டீ டீ பிரிட்ஜ்வாட்டர் என்று பெரிய குரல்கள் பாடிய ஆல்பம் அது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். அங்கே மெட்டு தரையில் கால் ஊன்றி நிற்கிறது, இங்கே தரையே இல்லை. எர்னி ஹூட்டின் ஸிதர் ஒரு பக்கம் கண்ணாடித் துண்டுகள் மாதிரி சிதறுகிறது. ரயிலில் மலிவான இயர்போனில் முதல் தடவை கேட்டபோது ஒயர்தான் போய்விட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். ஸிதர் என்று தெரிந்தபிறகு இப்போது அந்த இடத்துக்காகவே கேட்கிறேன்.

‘டிண்டி’ என்று எழுதியிருக்கும் மூன்றாவது பாட்டை பிரேசிலில் ‘ஜின்ஜி’ என்பார்கள். செஞ்சிக்கோட்டையை வெள்ளைக்காரன் எழுதின எழுத்தைப் பார்த்துப் படித்தால் வருமே, கிட்டத்தட்ட அது. டாம் ஜோபிம் மெட்டு, அலோய்சியோ டி ஒலிவேரா வரிகள். முதலில் பாடியவர் சில்வியா டெலஸ், 1959-இல். போசா நோவாவின் கோயில் பாட்டுகளில் ஒன்று. சில்வியா 1966-இல் கார் விபத்தில் இளம் வயதிலேயே போய்விட்டார், அதனால் அந்தப் பாட்டுக்கு ஒரு துக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரிப் பாட்டை எடுப்பது ஒரு சோதனை. எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனையைக் கச்சேரியில் எடுப்பது மாதிரி, எங்கே மாற்றுகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஃப்ளோரா மெட்டை மாற்றவில்லை. மெதுவாக்கியிருக்கிறார். போசா நோவாவின் அந்தக் கிட்டார் தாளம் இருக்கிறதே, அலை மாதிரி விடாமல் வருவது, அதன் பிடியைத் தளர்த்திவிட்டார். கீழே மின்சார பியானோ தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்கிறார் பாருங்கள், அது மைக்கில் தெளிவாக விழுகிறது. வேறு பாடகி என்றால் ஒலிப்பதிவாளர் அதை அமுக்கியிருப்பார், இல்லை பாடகியே தலையைத் திருப்பியிருப்பார். இங்கே அந்த இழுப்புக்கும் ஒரு நீளம் இருக்கிறது, தாளத்தில் ஒரு இடம் இருக்கிறது. என் அம்மாவின் வாத்தியார் தொடையில் தட்டியிருப்பார்.

நாலாவது ‘சம்மர் நைட்’, 1936-இல் ஹாலிவுட் படத்துக்கு ஹாரி வாரனும் ஆல் டூபினும் எழுதியது. நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். எனக்கு அங்கே காது நிற்பதில்லை. ஜாஸ் பாடகி என்றால் பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்றாவது பாட வேண்டும் என்ற கணக்குக்காக வைத்த மாதிரி இருக்கிறது. ‘லவ் ரீபார்ன்’ ஜார்ஜ் ட்யூக்கின் மெட்டு. சின்னது, இனிப்பு. ட்யூக் பிற்பாடு எண்பதுகளில் செய்யப்போகும் வெல்வெட் மாதிரியான மெட்டுகளின் விதை இங்கே இருக்கிறது.

ஆனால் ‘மூன் ட்ரீம்ஸ்’! எக்பெர்ட்டோ ஜிஸ்மோன்ட்டி மெட்டு. பிரேசிலுக்கு உள்ளேயே இருந்துகொண்டு செவ்வியல் இசையையும் நாட்டுப்புறத்தையும் தைத்துக்கொண்டிருந்த மனிதர். அயிர்ட்டோ இங்கே சம்பாவை அவிழ்த்துவிடுகிறார். சம்பா என்றால் திருவிழாத் தாளம்தான், ஊர்வலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து அடிப்பது. அதை ஒரே ஆள் ஒரு டிரம்ஸ் செட்டில் அடக்கினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பாட்டில் கேட்கலாம். அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ்காரர்கள் தாளத்தைப் பெரும்பாலும் மேலே, தாம்பாளம் போன்ற சிம்பலில் வைத்துக்கொள்வார்கள். அயிர்ட்டோவின் தாளம் கீழேயிருந்து வருகிறது, காலிலிருந்து. வேகமாகப் போகும், ஆனால் முன்னால் தள்ளாது. இரண்டு பக்கமும் ஊஞ்சல் ஆடிக்கொண்டே ஓடுகிற மாட்டுவண்டி மாதிரி.

அதன் மேல் குரலும் ஹெண்டர்சனும். எனக்கு இந்த ஆல்பத்தில் ஆகப் பிடித்தது இந்த ஜோடிதான். பாடகியோடு சாக்ஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடகி மூச்சு விடும் சந்தில் இரண்டு இழை பின்னிவிட்டு, அவள் திரும்பப் பாடியதும் பவ்யமாக ஒதுங்குவது. நம் பக்கவாத்திய மரியாதை மாதிரி. ஹெண்டர்சன் ஒதுங்குவதில்லை, மறிப்பதும் இல்லை. குரலில் கரகரப்பு ஏறும்போது அவர் சாக்ஸிலும் கரகரப்பு ஏறுகிறது. எது தொண்டை, எது பித்தளை என்று ஒன்றிரண்டு இடத்தில் எனக்கே சந்தேகம் வரும். குரல் அவரைவிட்டுப் பிரிந்து மேலே போய் வீறிட்ட இடத்தில்தான் அம்மா கரண்டியோடு வந்தாள்.

நம் சினிமாவிலும் வார்த்தை இல்லாத பெண் குரல் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஹம்மிங் என்று பெயர் வைத்திருக்கிறோம். பல்லவிக்கு முன்னால் ஒரு ஆலாபம், சரணத்துக்கு நடுவில் ஒன்று. கதாநாயகி மலைச்சரிவில் ஓடிவருவதற்கு. அது பாட்டுக்கு வாசல்படி, கோலம் போட்டு அழகாக வைத்திருப்பார்கள். ஃப்ளோரா வாசல்படியிலேயே வீட்டைக் கட்டிவிட்டார்.

குறை இல்லையா? இருக்கிறது. சுருதி. மேலே போகும்போது அவர் ஸ்தாயியைப் பிடிக்கும் இடம் சில சமயம் மயிரிழை தள்ளி விழும். ஆறு ஸ்தாயி பாடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு எல்லா இடத்திலும் உண்டு, அதை நான் நம்பவில்லை. தவிர எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? அப்புறம் வரிகள். வண்ணத்துப்பூச்சி, நிலா, இறகு, கனவு. எழுபதுகளின் ஆரம்பத்துக் கலிபோர்னியாவில் எல்லோருக்கும் இதே பூச்சிதான் பறந்தது. அர்த்தத்துக்காகக் கேட்டால் ஏமாந்து போவீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும் என்பது ஒரு வசதி.

கடைசிப் பாட்டு ‘லைட் அஸ் எ ஃபெதர்’. கிளார்க் மெட்டு, வரிகள் ஃப்ளோராவுடையவை. ரிட்டர்ன் டு ஃபாரெவரோடு லண்டனில் பாடிய அதே பாட்டு. அங்கே கிட்டத்தட்ட 11 நிமிடம், கொரியாவின் மின்சார பியானோ அதில் பெரிய பங்கு. 14 மாதம் கழித்து, கொரியா இல்லாமல், அதே பாட்டைத் தன் பெயரில் போடும் ஆல்பத்தின் கடைசியில் வைக்கிறார் என்றால் அதில் கொஞ்சம் வம்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் கொடுத்த சொத்து, எடுத்துக்கொண்டு போகிறேன் என்பது மாதிரி. இங்கே பாட்டு குறுகியது, ஓடவில்லை, மிதக்கிறது. லண்டன் பதிவுதான் பிரசித்தம். எனக்கு இது.

இந்த ஆல்பத்துக்குப் பிறகு நடந்ததைத் தனியாக எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் அவர் மேல் கொக்கைன் வைத்திருந்த வழக்கு ஒன்று விழுந்திருந்தது. 1974-இல் சிறைக்குப் போனார். கலிபோர்னியாவில் டெர்மினல் ஐலண்ட் என்ற ஃபெடரல் சிறை, 1975 கடைசி வரைக்கும். அதாவது தன் பெயரில் அமெரிக்காவில் வந்த ஆல்பம் கடைகளில் ஏறி, ரேடியோவில் ஒலித்து, பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாடகி உள்ளே. ஜாஸ் உலகத்தின் முக்கியப் பத்திரிகையான ‘டவுன்பீட்’ அவரைச் சிறந்த பாடகியாக நான்கு தடவை தேர்ந்தெடுத்தது. வெளியே வந்ததும் 1976-இல் ஓர் ஆல்பம் போட்டார். அதன் தலைப்புக்கு ‘கண்ணைத் திற, உன்னால் பறக்க முடியும்’ என்று பொருள். அங்கேயும் பறப்பதுதான், ஆனால் இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுபதுகளின் பூச்சி வகையறாவில் என்னால் சேர்க்க முடியவில்லை.

இப்போது கேட்டால் இதன் கிளைகள் எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று காதில் படுகிறது. ஒரு மைக்கும் சில மின்சாரப் பெட்டிகளும் வைத்துக்கொண்டு தன் மூச்சையும் நாக்குச் சொடக்கையும் அடுக்கி அடுக்கிப் பாட்டாக்கும் பாடகிகள் இன்று ஊருக்கு நாலு பேர். அவர்கள் எல்லோரும் ஃப்ளோராவைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சுச் சத்தம் அழுக்கு இல்லை என்று ஒரு பெரிய ஜாஸ் கம்பெனியின் தட்டில் பதிந்து காட்டியவர்களில் அவர் முன்வரிசை.

எண்பது வயதில், 2022-இல், ‘இஃப் யூ வில்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். தலைப்பு ஜார்ஜ் ட்யூக்கின் பழைய பாட்டு. ட்யூக் 2013-லேயே காலமாகிவிட்டார். சிக் கொரியா காலத்து ‘500 மைல்ஸ் ஹை’ பாட்டையும் அதில் திரும்பப் பாடியிருக்கிறார். உயரம் குறைந்திருக்கிறது, கரகரப்பு கூடியிருக்கிறது. பக்கத்தில் மகள் டயானாவின் குரல். கிராமி பரிந்துரைப் பட்டியலிலும் வந்தது.

போன வாரம் இந்தக் கட்டுரைக்காகப் பழைய ஆல்பத்தை முழுதாகத் திரும்பக் கேட்டேன். ஸிதர் சிதறும் இடம் வந்ததும் அம்மா ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டே தலையைத் தூக்கினாள்.

“இது அந்தப் பொண்ணுதானே? மூச்சு விடுமே, அது.”

“அதுதாம்மா. ஆனா இப்ப அவங்களுக்கு எண்பது தாண்டிருச்சு.”

“என்னைவிடப் பெரியவங்களா?” என்றாள். கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, ஓடட்டும். அந்தக் கத்துற இடம் வரும்போது மட்டும் சொல்லு. குக்கரை வச்சுட்டு வந்துடறேன்.”